நீராகாரம் தவிர வேறெதுவும் அருந்தற்க

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருக்கிறது. பேர் வேண்டாம். பேர் சொன்னால், ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவிலிருந்து விஷயம் வெளியே போனது என்று விசாரணை வைப்பார்கள். சாரல் காலத்தில் வெளியூர்க் கண் டாக்டர்கள் அங்கே வந்து தங்கி ஏழைகளுக்கு இலவசமாகப் புரை எடுப்பார்கள். காலையில் அருவி, பிறகு ஆபரேஷன், சாயங்காலம் மறுபடியும் அருவி. சாரல் நின்றதும் டாக்டர்களும் நின்றுவிடுவார்கள். கண் தெரியாதவர்கள் அடுத்த சாரல் வரைக்கும் தடவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

இலஞ்சி இசக்கியப்பனுக்கு வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடது கண்ணில் தொடங்கியிருந்தது. செங்கோட்டைப் பக்கம் ஒரு மர மில்லில் அவருக்கு வேலை. ஓடுகிற ரம்பத்துக்கு முன்னால் நின்று தடியைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். கரியால் போட்ட கோட்டில் கண் இருக்க வேண்டும். ரம்பம் போவது கோட்டிலா விரலிலா என்று கண்தான் சொல்லும். வைகாசியில் ஒருநாள் தேக்குத் தடி கோணிக்கொண்டு போனது. பக்கத்தில் நின்றவன் சட்டையைப் பிடித்து இழுத்ததில் கை மிச்சமானது. அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார்.

“இசக்கி, உம்ம மேல எனக்கு ஒரு கோவமும் கெடயாது. கண்ணச் சரி பண்ணிட்டு வாரும். சாரல் முடியுத வரைக்கும் உம்ம எடத்த வச்சிருக்கேன். அதுக்குப் பொறவு வேற ஆளப் போட்டுருவேன். உம்ம கை விழுந்தா என் மில்லுக்குப் பூட்டுல்லா விழும்.”

முதலாளி சொன்னதில் இரக்கம் இருந்ததா என்று இசக்கியப்பன் யோசிக்கவில்லை. சாரல் முடிகிற வரைக்கும் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் பெண்டாட்டி ஆனந்தவள்ளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். அவருடைய தலைமுடி ஈரமாக இருந்தது.

“புரை. ஈஸியா எடுத்துடலாம். ஒரு பிளட் டெஸ்ட் மட்டும் குடுத்துட்டு வாங்க. ரொட்டீன்தான்.”

வெளியே வந்ததும் ஆனந்தவள்ளி கேட்டாள். “என்னமோ ரொட்டின்னாரே, தின்னுட்டுப் போவணுமா?”

“தெரியலயேட்டி. அங்கன கேப்போம்.”

ரொட்டீன் என்றால் வழக்கமானது என்று அர்த்தம். அந்த ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிப்பது, கல்லை எடுப்பது எல்லாம் சுலபமாக நடந்துவிடும். வழக்கமானதுதான் நடக்காது.

ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வகுப்பு உண்டு. வகுப்பைக் கேட்காதவர்களின் ரத்தத்தை அங்கே எடுப்பதில்லை. வகுப்பெடுத்தது சத்யபிரியா என்ற பெண். ஊர் சென்னை. பதவி, விழிப்புணர்வு அலுவலர். சட்டையில் மைக் குத்தியிருந்தாள். முன்னால் பீடி சுற்றுகிற பெண்கள், சூளையில் கல் அறுக்கிறவர்கள், களையெடுக்கிறவர்கள் என்று அறை நிறைய இருந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் திரையில் ஓடுகிற படம் தெரியாது. அவர்கள் வந்ததே அதற்குத்தான்.

“இனிய காலை வணக்கம். நம் உடலுக்குள் ஒரு செந்நிற நதி ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் இரத்தம். உங்களில் யாராவது இரத்தத்தைப் பார்த்திருக்கிறீர்களா?”

“பாக்காமலா அஞ்சு பெத்தேன்?” என்றது பின்வரிசை.

சத்யபிரியா சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். கடைசிப் படத்தில் இருந்தது சுவரில் தொங்கிய பித்தளைப் போர்டின் புகைப்படம். அதே சுவரில் அதே போர்டும் தொங்கியது. அதில் ஒரு வாக்கியம்தான். அதைச் செய்ய ஒரு குழு போட்டிருந்தார்கள்.

முதலில் அங்கே சாதாரணத் தட்டிதான் இருந்தது. ‘தண்ணி மட்டும் குடிக்கலாம்’ என்று எழுதியிருந்தது. ஆஸ்பத்திரி டைரக்டர் ஜெகதீஸ்வரன் ஒருநாள் அதைப் பார்த்து அதிர்ந்துபோனார். ‘தண்ணி’ என்றால் இந்த ஜனங்கள் எதை நினைப்பார்கள்? நேராக மதுக்கடைக்குப் போய்விட்டு இங்கே வந்து கை நீட்டினால்? குழு கூடியது. ‘தண்ணீர்’ என்று திருத்தலாம் என்றார் ஒருவர். அதில் கண்ணியம் போதவில்லை என்றார் இன்னொருவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை வரவழைத்துக் காப்பி கொடுத்துக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: பரிசோதனைக்கு முந்தைய இரவு உணவுக்குப் பின் நீராகாரம் தவிர வேறெதுவும் அருந்தற்க. அந்தப் போர்டுக்கு ஒரு தமிழ் மன்றம் கேடயம் கொடுத்தது. கேடயம் டைரக்டர் அறையில் இருக்கிறது.

இசக்கியப்பனுக்குப் போர்டு மஞ்சளாக ஒரு கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்தில் ஒலி முகம்மது உட்கார்ந்திருந்தார். புளியறை வழியாகக் கொல்லத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். அவருக்கும் புரைதான், ஒரு கண்ணில். மற்றக் கண்ணால் படித்துச் சொன்னார்.

“நீராகாரம் தவிர வேறெதுவும் அருந்தற்கன்னு போட்டிருக்கு வே.”

“அருந்தற்கன்னா?”

“குடிச்சிராதங்கான்.”

“நீராகாரத்தையா பாய்?”

“அத மட்டும் குடி. மத்தது ஒண்ணும் ஆவாது.”

இசக்கியப்பனுக்கு நிம்மதியாக இருந்தது. ராத்திரிச் சோற்றில் ஊற்றி வைத்த தண்ணீர், விடியும்போது புளித்து நிற்கும். கொஞ்சம் சோற்றைப் பிசைந்துவிட்டு, உப்புப் போட்டு, சின்ன உள்ளியைக் கடித்துக்கொண்டு ஒரு செம்பு குடித்தால்தான் அவருக்குக் காலை. நீத்தண்ணி என்று வீட்டில் சொல்வார்கள். போர்டில் மரியாதையாக நீராகாரம் என்று போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“நல்ல ஆஸ்பத்திரி பாய். நம்மள மாதிரி ஆளுவளையும் நெனச்சு எழுதிருக்கான் பாரும்.”

“சோறு நம்ம சோறு, அவன் காசா போவுது வே? எழுதத்தான செய்வான்.”

டெஸ்ட் நாளன்று காலையில் ஆனந்தவள்ளி வழக்கத்தைவிட ஒரு கைச் சோறு கூடுதலாகப் பிசைந்து ஊற்றினாள். ரத்தம் எடுக்கிற நாளில்லையா? குடித்துவிட்டு இலஞ்சியிலிருந்து நடந்தே போனார்.

அங்கே போனால் ரத்தம் எடுக்கிற அறை பூட்டியிருந்தது. ரத்தம் எடுப்பதற்கு முன்னால் எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுக்க வேண்டும். உறுதிமொழியை டைரக்டர்தான் சொல்லிக்கொடுப்பார். அவர் அருவிக்குப் போயிருந்தார். எண்ணெய் தேய்த்து, ஊற வைத்து, குளித்து, தலை காய்ந்த பிறகு வருவார். அருவியில் வெள்ளம் அதிகமாகிப் போலீஸ் குளிக்க விடாத நாட்களில் மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிடுவார். அதனால் காத்திருந்தவர்கள் குற்றாலத்தில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, அங்கன தண்ணி எப்படி வருது? நல்லா வருதா?”

“சூப்பரா விழுது மாமா, குளிக்க வாரியளா?”

“நாசமாப் போச்சு,” என்று போனை வைத்தார் ஒருவர்.

டைரக்டர் வந்தார். எல்லாரும் நின்றார்கள். வலது கையை நீட்டச் சொன்னார்கள். இடது கையை நீட்டியவர்களைத் திருத்தினார்கள்.

“என் உடலிலிருந்து எடுக்கப்படும் இரத்தம் என் நலனுக்கே என்பதை உணர்ந்து, ஊசியின்போது கையை இழுக்க மாட்டேன் என்றும், மயங்கி விழுந்து பிறருக்கு இடையூறு விளைவிக்க மாட்டேன் என்றும் உளமார உறுதி கூறுகிறேன்.”

‘விளைவிக்க’ என்ற இடத்தில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். உறுதிமொழி முடிவதற்குள் விழுந்ததால் அது மீறல் ஆகாது என்று விட்டுவிட்டார்கள்.

ரத்தம் எடுக்கிறவன் சந்தோஷ்குமார். சுரண்டைக்காரன். முதலில் விரலில் குத்திச் சொட்டு எடுத்து மெஷினில் வைக்க வேண்டும் என்பது முறை. இசக்கியப்பனின் விரலில் குத்தினான். ஊசி வளைந்தது. வேறு விரலில் குத்தினான். இசக்கியப்பன் எப்போது குத்துவான் என்று காத்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி, இது வெரலா, மரப்பட்டையா? வலிக்கலயா உமக்கு?”

“குத்திட்டியா?”

“நாலஞ்சு குத்துக் குத்தியாச்சு.”

“தெரியலயே தம்பி. காச்சுப்போயில்லா கெடக்கு. மில்லுல செதில் ஏறினாலே எனக்குத் தெரியாது.”

முழங்கை மடிப்பில் எடுத்தான். ஊசி பட்டதும் ரத்தம் தானாக ஏறியது. சந்தோஷ்குமார் மகிழ்ச்சியாகிவிட்டான். “நரம்புன்னா இது நரம்பு. ஆபீஸ்ல இருக்கவங்க கையில கெணறு வெட்டுத மாதிரித் தேடணும்.”

சாயங்காலம் சத்யபிரியா கூப்பிட்டாள். எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். கெட்ட செய்தியை உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள்.

“சார், உங்களுக்குச் சுகர் இருக்கு. ரொம்ப அதிகம். இப்போ ஆபரேஷன் பண்ணினா புண் ஆறாது.”

“சாரல் முடியுததுக்குள்ள எடுக்கணுமேம்மா. மில்லுல எடம் போயிரும்.”

“முதல்ல நீங்க இதை ஏத்துக்கணும் சார். ஏத்துக்கறதுதான் முதல் படி. ஸ்வீட் நிறுத்தணும்.”

“ஸ்வீட்டு தீவாளிக்குத்தாம்மா.”

“தீபாவளிக்கும் வேண்டாம். தினமும் வாக்கிங் போகணும்.”

“இங்கன நடந்துதான் வந்தேன்.”

“அது வர்றது சார். வாக்கிங்னா எங்கயும் போகாம நடக்கறது. உடம்புக்கு ஏதாவது எக்சர்சைஸ் உண்டா?”

“தடி தூக்குவேம்மா.”

“தடின்னா? ஸ்டிக்கா?”

“மரம். முழு மரம்.”

“அது உழைப்பு சார். அதைக் கணக்குல எடுத்துக்க முடியாது.” சத்யபிரியா குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். டெஸ்ட்டுக்கு முன்னாடி ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“கண்ணாணை இல்லம்மா. போர்டுல உள்ளபடிக்கி நீராகாரம் மட்டுந்தான்.”

“வெரி குட். அதை மட்டும் குறைக்காதீங்க. எவ்வளவு எடுக்கறீங்களோ அவ்வளவு நல்லது. நரம்பு ஈஸியா கிடைக்கும்.”

மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் அவருக்கு வியர்த்து ஊற்றியது. கை நடுங்கியது. முருகன் கோயில் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் சுமக்கப் போனவர் கடவப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு வந்து போட்டார்கள். ஆனந்தவள்ளி கருப்பட்டியைத் தட்டி வாயில் வைத்தாள். எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னபோது, நடுக்கம் வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றார்கள். இரண்டாவது டெஸ்ட்டுக்கு, நிறைய எடுக்கச் சொன்னார்களே என்று இரண்டு செம்பு குடித்துவிட்டுப் போனார். சர்க்கரை முதலில் இருந்ததைவிட ஏறியிருந்தது. மாத்திரையைக் கூட்டினார்கள்.

அவருக்கு மட்டுமில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் சர்க்கரை. ஒலி முகம்மதுவுக்கும்தான். டைரக்டர் இதை இரண்டு வருஷமாகக் கவனித்து வருகிறார். கவனித்து, ஒரு புதிய நோயைக் கண்டுபிடித்து, அதற்குத் ‘தென்காசி உழைப்பாளர் சர்க்கரை’ என்று பேரும் வைத்துவிட்டார். அதற்காக வெளிநாட்டு உதவியில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்று மாடிக் கட்டடம் எழும்பியது. குற்றாலத்தில் ஒரு ரிசார்ட்டில் மாநாடு நடந்தது. மாதிரி நோயாளியாக இசக்கியப்பனை வேனில் ஏற்றிக்கொண்டு போய் மேடையில் நிற்க வைத்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். டைரக்டர் பேசினார்.

“இந்த மனிதரைப் பாருங்க. கேக் தெரியாது. ஐஸ்கிரீம் தெரியாது. ஒரு இடத்துல உட்கார்ந்து பழக்கமில்ல. இருந்தும் காலைல வெறும் வயித்துல சுகர் ஏறி நிக்குது! ஏன்? நான் தூங்கல. ஒரு கட்டத்துல, இவங்களையே கேட்டுப் பாத்தா என்னன்னுகூடத் தோணிச்சு. ஆனா நோயாளி சொல்றதை வெச்சு சயின்ஸ் பண்ண முடியாது. அந்த பலவீனத்தை நான் ஜெயிச்சேன்.”

கைதட்டினார்கள். வெளியூர் டாக்டர்கள் வரிசையில் வந்து இசக்கியப்பனின் தோளையும் புஜத்தையும் அமுக்கிப் பார்த்தார்கள். எங்கே அமுக்கினார்கள் என்பது சில இடங்களில் அவருக்குத் தெரிந்தது, சில இடங்களில் தெரியவில்லை. நிற்கச் சொன்ன வரைக்கும் நின்றார். ஒரு டாக்டரின் கையைப் பிடித்து, “அய்யா, கண்ணு எப்பம் எடுப்பிய?” என்று கேட்டார். அந்த டாக்டர் தோலுக்கு.

அடுத்த வாரம் ஒலி முகம்மதுவுக்கு நார்மல் என்று வந்துவிட்டது. ஆஸ்பத்திரி கலங்கிப்போனது. மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார்கள். நார்மல். வேறு மெஷினில் போட்டார்கள். அதுவும் நார்மல். குழு கூடியது. கடைசியில், அவர் டிரைவர், உட்கார்ந்தே வேலை பார்த்தவர், ஆகையால் உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார் என்று முடிவுசெய்து, கண்டுபிடிப்புக்குச் சேதமில்லாமல் அவரை ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவருக்கு வேறு வழியில்லாமல் கண் ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒலி முகம்மது ஆஸ்பத்திரி எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். இசக்கியப்பன் குரலை வைத்துக் கண்டுபிடித்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“எப்படி பாய் நார்மலு வந்துச்சு? மருந்து எதும் மாத்தினியளா?”

“மருந்துமில்ல மண்ணுமில்ல. அன்னைக்கி ஆஷூரா நோன்பு. விடியமுன்ன சாப்பிடுத சஹருக்கு எந்திரிக்காம தூங்கிட்டேன். பச்சத்தண்ணி பல்லுல படல. ரத்தம் குடுத்தா நோன்பு முறியுமான்னு மட்டும் பள்ளிவாசல் ஹஸரத்துகிட்ட கேட்டேன். முறியாதுன்னாரு. போனேன், கையக் குடுத்தேன், நார்மலுன்னுட்டான்.”

“நீராகாரமும் குடிக்கலயா?”

“நோன்பு வச்சிக்கிட்டு நீராகாரம் குடிப்பாவளா? என்ன வே பேசுதீரு?” என்றவர் அப்படியே நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றி இசக்கியப்பன் முகத்தைப் பார்த்தார். “வே, இசக்கி. நாளைக்கி நீரும் அதக் குடிக்காமப் போயிப் பாரும்.”

“போர்டுல போட்டிருக்கே பாய்.”

“போர்டுக்கா கண்ணு வேணும்? உமக்குல்லா வேணும்.”

மறுநாள் ஆனந்தவள்ளி செம்பை எடுத்தபோது வேண்டாம் என்றார். “வெறும் வயித்தோட அம்புட்டுத் தூரம் எப்படிப் போவிய?” என்றாள். போனார். காது அடைத்தது, ஆனால் போனார். சாரல் மெலிந்து, வெயில் அங்கங்கே விழ ஆரம்பித்திருந்தது. சந்தோஷ்குமார் ரத்தம் எடுத்தான். நார்மல் என்று வந்தது.

சத்யபிரியா ஓடி வந்தாள். “சார், என்ன பண்ணினீங்க? நீராகாரம் எடுத்தீங்களா?”

“இல்லம்மா. இன்னைக்கிக் குடிக்கல.”

“ஏன் சார்? வெறும் தண்ணி குடிக்கறதுல என்ன கஷ்டம்?”

“வெறுந்தண்ணியா? அதாம்மா நீராகாரம்?”

“நீர்னா தண்ணி. ஆகாரம்னா சாப்பாடு. தண்ணிச் சாப்பாடு. தண்ணிதானே? நீங்க என்ன குடிச்சீங்க?”

“நீத்தண்ணி. பழையசோத்துத் தண்ணி. கொஞ்சம் சோத்தையும் பிசஞ்சி உட்டு.”

சத்யபிரியா சந்தோஷ்குமாரைப் பார்த்தாள். அவன் டியூபுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சந்தோஷ், உங்க ஊர்ல நீராகாரம்னா அதுவா?”

“எல்லா ஊர்லயும் அதான் மேடம்.”

“உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சே சொல்லலையா?”

“நான் ரத்தம் எடுக்குத ஆளு மேடம். போர்டு உங்க செக்ஷன்லா?”

விஷயம் டைரக்டர் அறைக்குப் போனது. இசக்கியப்பனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஏசி ஓடியது. டைரக்டர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டு முடித்து, கேடயத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே மூன்று மாடியைப் பார்த்தார். பிறகு இசக்கியப்பனைப் பார்த்தார்.

“பெரியவரே, இன்னைக்கு உங்களுக்குச் சுகர் நார்மல். இல்லையா?”

“ஆமாங்கய்யா. அப்பம் கண்ண...”

“வரேன். அதுக்குத்தான் வரேன். ரெண்டு மாசமா மாத்திரை சாப்பிட்டீங்க. இன்னைக்கு நார்மல். அப்ப என்ன அர்த்தம்? மாத்திரை வேலை செஞ்சிருக்கு. நீங்க குணமாயிட்டீங்க. இந்த நோயில இருந்து குணமான முதல் மனிதர் நீங்கதான்!”

“அது நீத்தண்ணி குடிக்காததுனால...”

“அதெல்லாம் நீங்க யோசிக்கக் கூடாது. நீங்க யோசிச்சா உடம்புக்கு நல்லதில்ல.” டைரக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “ஒரு போர்டை மாத்தறது சின்ன விஷயம்னு நினைக்கறாங்க. நான் மாத்தலாம். இப்பவே மாத்தலாம். நாளைலருந்து எல்லாருக்கும் நார்மல்னு வரும். நல்லா யோசிச்சுப் பாருங்க, எல்லாருக்கும் நார்மல்! அப்புறம் அந்த மூணு மாடில யாரைப் படுக்க வெக்கறது? இவ்வளவு நாள் மாத்திரை சாப்பிட்டவங்க மனசு என்ன பாடுபடும்? தனக்கு நோயே இல்லைன்னு ஒரு ஏழைகிட்ட போய்ச் சொல்ல எனக்கு மனசு வராது.”

“கண்ணு, அய்யா?”

“குணமானவங்களை மூணு மாசம் கண்காணிப்புல வெக்கணும். அது விதி. கண்காணிப்பு முடிஞ்சதும் முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான்.”

“மூணு மாசத்துல சாரல் முடிஞ்சிருமே. டாக்டருமாரு போயிருவாவளே.”

“அடுத்த சாரல் வராமலா போயிடும்?” என்றார் டைரக்டர். இயற்கையின் மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

சாரல் முடிந்தது. அருவியில் பாறை தெரிந்தது. கண் டாக்டர்கள் நேந்திரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இசக்கியப்பன் மில்லுக்குப் போனார். ரம்பம் ஓடும் சத்தத்திலேயே வேறு ஆள் நிற்கிறான் என்று தெரிந்தது. முதலாளி வெளியே வந்து, “நான் என்ன செய்ய இசக்கி, சொன்னேன்லா,” என்றார். ஆமாம், சொன்னீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். இடது கண்ணும் இப்போது கால்வாசிதான்.

பதினைந்து இருபது நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே ஒரு புதுச் சிக்கல். ஒலி முகம்மது டீக்கடையில் உட்கார்ந்து வாயைத் திறந்ததில், சில பேர் நீராகாரம் குடித்துவிட்டு வருகிறார்கள், சில பேர் குடிக்காமல் வருகிறார்கள். ஒருவருக்கு ஏறுகிறது, ஒருவருக்கு இறங்குகிறது. நோயில் ஒழுங்கு குலைந்துவிட்டது. ஆகவே எல்லாருக்கும் ஒரே அளவில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நீராகாரம் வழங்குவது என்று குழு தீர்மானித்திருந்தது. போர்டில் எழுதியிருப்பது முதல் தடவையாக நடைமுறைக்கு வரப்போகிறது.

“உங்க வீட்டம்மா செய்யட்டும். நீங்க வாசல்ல நின்னு ஊத்துங்க,” என்றார் டைரக்டர். “கண்ணு தேவைப்படாத வேலை. உங்களை மனசுல வெச்சுத்தான் இந்தப் பதவியை உருவாக்கினேன். அடுத்த சாரலுக்கு ஆபரேஷன் வரிசைல முதல் ஆள் நீங்க. அது என் வாக்கு. அதுவரைக்கும் உங்க மேல ஒரு கம்ப்ளெயிண்ட் வரக்கூடாது, அவ்வளவுதான்.”

ஆனந்தவள்ளிக்கு முதலில் சிரிப்பு வந்தது. “நம்ம பழையதுக்கு வந்த வாழ்வப் பாரும்.” பிறகு பெரிய பானை வாங்கினாள். பிறகு சிரிக்கவில்லை.

இசக்கியப்பனுக்கு நீலச் சட்டை கொடுத்தார்கள். வாசலில் வாளியும் செம்புமாக நின்றார். முதல் நாள் வந்த ஒரு பெண்ணிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார். “தாயி, இதக் குடிக்காத. கீழ ஊத்திட்டுப் போ.” அவள் நேராக உள்ளே போய், வாசலில் நிற்கிற ஆள் ஆஸ்பத்திரி சொன்னதை மாற்றிச் சொல்லுகிறான், வேறு ஆஸ்பத்திரிக்காரன் அனுப்பிய ஆளாக இருப்பான் என்று சத்யபிரியாவிடம் சொல்லிவிட்டாள். சத்யபிரியா வெளியே வந்தாள். கோபப்படவில்லை. “சார், இது முதல் தடவைங்கறதால நான் கம்ப்ளெயிண்ட் எழுதல,” என்றாள். “உங்க கண்ணுக்காகத்தான் சொல்றேன்.”

அதற்குப் பிறகு அவர் குனிந்து பேசவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை. மழை விட்டிருந்தது. வரிசையில் ஒரு குரல் வந்து முன்னால் நின்றது. அவர் கண்ணை மறைத்த வெள்ளைப் புகைக்குள் ஒரு சிவப்புச் சேலை மட்டும் தெரிந்தது.

“அண்ணாச்சி, நான் ஆவுடைத்தாய். சுரண்டை. சூளையில கல்லு அடுக்குத வேல. ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துட்டு. போன மாசம் அடுக்கு சரிஞ்சி கால்ல விழுந்துச்சு. அடுத்த வாட்டி தலையில விழும்னு மேஸ்திரி வேண்டாங்கான். டாக்டர் வாரதுக்குள்ள ரத்தத்தக் குடுத்து வையின்னு மக சொன்னா.”

“குடுத்து வையி.”

“வெறும் வயித்தோட வரணும்னு மக சொன்னாளே. இதக் குடிக்கலாமா?”

இசக்கியப்பன் செம்பை வாளிக்குள் விட்டார். விட்ட கை அங்கேயே நின்றது. தண்ணீர் சில்லென்று இருந்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளே உறுதிமொழி ஆரம்பித்துவிட்டது. பின்னால் நின்றவர்கள், என்ன அங்கே, சீக்கிரம், என்றார்கள். சத்யபிரியாவின் செருப்புச் சத்தம் வாசலை நோக்கி வந்தது.

“அண்ணாச்சி, ஒம்மளத்தான். குடிக்கலாமா?”

“குடி,” என்றார்.

கோரி நீட்டினார். இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியாததால் செம்பு கையிலிருந்து கைக்குப் போகக் கொஞ்சம் தடுமாறியது. அவள் பிடித்துக்கொண்டாள். சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸில் பட்டினியாக வந்தவள். நின்று, மூச்சு விடாமல் குடித்தாள்.

“நல்லாப் புளிச்சிருக்கு அண்ணாச்சி,” என்றாள். “இன்னுங் கொஞ்சம் ஊத்தும்.”

ஊற்றினார்.